நாலாவது ஒன்ஸ்மோர்

செஃபரினுக்கும் எனக்கும் முதல் நாளே ஆகவில்லை. சரியாகச் சொன்னால், எனக்குத்தான் ஆகவில்லை. என்னைப் பிடிக்காமல் இருப்பதற்குக்கூட அவர் நேரம் ஒதுக்கியது கிடையாது.

மட்காவ் ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை நடந்தது. பேண்ட் தலைவர் தாமியாவ்தான் என்னைக் கூட்டிப்போனார். பேண்ட் தலைவரை இங்கே மெஸ்த்ரி என்பார்கள். மாதா திருநாள் ஊர்வலத்தில் நான் டிரம்பெட் ஊதியதைக் கேட்டுவிட்டு, "நம்ம டிரம்பெட்காரன் குவைத் போயிட்டான், வர்றியா?" என்று கேட்டவர் அவர்தான்.

செஃபரின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு?"

"கிளாட்வின் பர்னாந்து சார்."

"பர்னாந்தா?" ஹாலில் இருந்த நடிகர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இவனுங்க நம்ம வீட்டை மட்டும்தான் வாங்குறானுங்கன்னு நினைச்சேன். பேரையும் தூக்கிட்டுப் போயிட்டானுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மெஸ்த்ரியும் லேசாகச் சிரித்தார்.

"எந்த ஊரு?"

"தூத்துக்குடி சார்."

"அது மதராஸா?"

"இல்ல சார், மதராஸ்ல இருந்து ஒரு ராத்திரி ரயில்ல போகணும்."

"அப்ப மதராஸ்தான். மதராஸ், அந்த மூலையில உட்காரு."

அன்றிலிருந்து நான் மதராஸ். இரண்டு வருடம் அவருடைய நாடகங்களுக்கு ஊதினேன். என் பேரை அவர் வாயால் திரும்பக் கேட்டதில்லை.

அக்கா, அந்த மனிதர் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடாதே. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். முப்பத்து மூன்று வருடமாக மேடையில் இருப்பவர். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது முதல் நாடகத்தை எழுதினார். எழுதியவர், இயக்கியவர், கதாநாயகன் எல்லாம் அவரே. அது நூறு தடவைக்கு மேல் ஓடியது. அதற்குப் பிறகு இருபத்தாறு எழுதிவிட்டார். ஈஸ்டருக்கு ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று. கடைசி அங்கத்தில் அவர் ஒரு வசனம் பேசுவார், எட்டு ஒன்பது நிமிடம், தனியாக. அந்த நேரத்தில் ஹாலில் குழந்தைகூட அழாது. மேடைக்குக் கீழே பேண்ட் உட்காரும் குழியில் இருந்தபடி, அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, நான் எத்தனை நாள் கண்ணைத் துடைத்திருக்கிறேன். இவ்வளவு கெட்ட வாயில் கர்த்தர் எதற்கு இப்படி ஒரு குரலை வைத்தார் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இங்கே நாடகத்தை தியாத்ர் என்பார்கள். நம் ஊர் நாடகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு அங்கம் முடிந்ததும் திரை விழும். பின்னால் செட் மாற்றுவார்கள். திரைக்கு முன்னால் ஒருவர் வந்து பாடுவார். அந்தப் பாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. மந்திரியைத் திட்டுவது, மருமகளைத் திட்டுவது, எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களைத் திட்டுவது. செஃபரினுடைய பெயர்போன பாட்டு கடைசி வகை.

"ரயிலேறி வந்தான், பாய் சுருட்டி வந்தான்,
பத்து நாள் என்றான், பட்டா கேட்டு நின்றான்,
கேட்டைச் சாத்து, ஏய், கேட்டைச் சாத்து!"

அந்த ஏய்க்கு முன்னால் ஒரு டிரம்பெட் துண்டு வரும். அதை ஊதுவது நான். பாட்டு தொடங்குவதும் டிரம்பெட்டில்தான். நாலு தாளம் நான் தனியாக ஊதுவேன், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சேருவார்கள். என்னைத் திட்டுகிற பாட்டை நானே தொடங்கிவைத்தேன், இரண்டு வருடம், கிட்டத்தட்ட நூற்றிருபது தடவை.

அந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கட்டாயம் வரும். ஒன்ஸ்மோர் விஷயத்தில் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. எழுதி வைக்காத சட்டம். கைதட்டலும் விசிலும் நிற்காமல் வந்தால் பேண்ட் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பேண்ட் ஆரம்பித்துவிட்டால் பாடகர் திரும்பி வந்து புது அடி ஒன்று பாட வேண்டும். முடியாது என்று சொல்லக்கூடாது. ஒரு தடவை மறுத்த பாடகரை பத்து வருடம் கழித்தும் "ஒன்ஸ்மோருக்கு ஓடினவன்" என்பார்கள். அதனால் எல்லாரும் இரண்டு மூன்று அடி கூடுதலாக எழுதி சட்டைப்பையில் வைத்திருப்பார்கள்.

இந்த வருடம் தவசுக்காலத்தில் செஃபரினுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. வெளியே சொன்னது பல் வலி. நாற்பது நாள் எங்கேயும் காணவில்லை. திரும்பி வந்தபோது கழுத்தில் துண்டு. பேச்சு பழையபடி இருந்தது, பாட்டு இல்லை. டாக்டர் பாடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். கத்தினால் போய்விடும், பிறகு வராது என்று சொல்லியிருக்கிறார். இதை மெஸ்த்ரி பேண்டில் எங்கள் ஐந்து பேரிடம் மட்டும் சொன்னார்.

"பாட்டு இல்லாம விட்டுடலாமே மெஸ்த்ரி" என்றேன்.

"விட்டா மறுநாளே ஊர் பேசும். செஃபரினுக்குத் தொண்டை போச்சுன்னு. அவனுக்கு இருக்கிறதே அதுதான். சுருதியை ரெண்டு படி இறக்கி வாசிப்போம். அவன் மெதுவா பாடட்டும். கடைசி அங்கத்துக்குக் குரல் மிஞ்சணும், அவ்வளவுதான்."

ஆக, எல்லாரும் அதற்காகவே வேலை செய்தோம். கடைசி அங்கம் வரை அவர் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாட்டு வரும்போது மெஸ்த்ரி இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவார். நான் இரண்டு படி கீழே ஆரம்பிப்பேன். பதினோரு ஷோ அப்படியே ஓடியது.

பன்னிரண்டாவது ஷோ அனக்லெத்தின் ஊரில்.

அனக்லெத் யார் என்றால், எட்டு வருடத்துக்கு முன்பு வரை செஃபரின் நாடகங்களில் சிரிப்பு நடிகர். அவருக்குக் கைதட்டு அதிகமாக விழுந்தது என்று செஃபரின் அவருடைய காட்சியை மூன்றிலிருந்து ஒன்றாக்கினார். அனக்லெத் பாதிக் குழுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது அவருக்குச் சொந்தக் குழு. இருவரும் பார்த்தால் பேசுவதில்லை. ஒருவர் நாடகம் போடும் ஊரில் மற்றவர் மறுநாள் போடுவார். ஒருவர் மேடையில் மற்றவரைப் பற்றிப் பாட்டு பாடுவார். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட என்னைத்தான் திட்டிட்டு வருவான்" என்று செஃபரின் சொல்வார்.

அந்த ஊர்த் திருநாளுக்கு எங்கள் நாடகத்தைக் கூப்பிட்டார்கள். பங்கு ஹால், மாலை நாலு மணி, வெளியே மழை.

"போக வேணாம் செஃபரின்" என்று மெஸ்த்ரி சொன்னார்.

"போகலைன்னா பயந்துட்டான்னு சொல்லுவான்."

"பயந்தா என்ன?"

"நீ சாக்ஸஃபோன் ஊதுறவன். உனக்கு என்ன, திரைக்குக் கீழ உட்கார்ந்திருக்க. நான் மேல நிக்கிறவன்" என்றார் செஃபரின்.

போனோம்.

ஹால் நிறைந்திருந்தது. நான் குழியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். கடைசி மூன்று வரிசையில் இளவட்டங்கள், கையில் சோரிஸ் பாவ் பொட்டலம், பன்றிக்கறி வைத்த ரொட்டி. நடுவில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலை நீட்டி, அனக்லெத். டிக்கெட் வாங்கி வந்திருந்தார்.

"மெஸ்த்ரி, பின்னால பாருங்க."

"பார்த்தேன். உன் காகிதத்தைப் பாரு."

நாலு அங்கம் நன்றாகவே போயிற்று. கடைசி வரிசையில் ஒரு கூச்சலும் இல்லை. ஒவ்வொரு அங்கம் முடிந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது அங்கம் முடிந்து திரை விழுந்தது. செஃபரின் கோட்டைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். மெஸ்த்ரி இரண்டு விரலைக் கீழே காட்டினார். நான் ஆரம்பித்தேன்.

மூன்று அடி பாடினார். மெதுவாக, பாதி பேச்சாக. முடித்துக் கும்பிட்டு உள்ளே போனார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து வந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" விசில். காலால் தரையில் தட்டினார்கள். முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அனக்லெத்தின் ஆட்களே கேட்கிறார்கள் என்றால் பாட்டு பிரமாதம்தான் என்று அவர்களும் தட்டினார்கள். செஃபரின் திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது முகத்தில் சந்தோஷம். நிஜமான சந்தோஷம். எதிரியின் ஊரில் ஒன்ஸ்மோர். அவருக்கு அது புரியவில்லை. மெஸ்த்ரிக்குப் புரிந்துவிட்டது.

"பாவி" என்று முனகினார். "தொண்டை விஷயம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"யாரு சொல்லியிருப்பா?"

"எவன் சொல்லணும்? இருபது வருஷம் பக்கத்துல நின்னு நடிச்சவன். ரெண்டு படி இறங்கினா ரோட்டுல போகும்போதே கண்டுபிடிப்பான்."

முதல் ஒன்ஸ்மோருக்கு சட்டைப்பையிலிருந்த ஒரு அடி. இரண்டாவதுக்கு மற்றொரு அடி. அதில் கடைசி வரியில் குரல் உரசியது, பழைய கதவு மாதிரி. உள்ளே போகும்போது அவர் குழியைப் பார்த்தார். சந்தோஷம் போயிருந்தது.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

"மெஸ்த்ரி, நிறுத்திடலாம்" என்றேன்.

"நிறுத்தினா அவன் ஓடினான்னு ஆயிடும். நாளைக்கு அனக்லெத் அதைப் பாட்டாவே போடுவான்." கையைத் தூக்கினார். இரண்டு விரல் கீழே.

மூன்றாவது தடவை வந்தபோது செஃபரினிடம் அடி இல்லை. பையில் கை விட்டார், வெறும் கையை எடுத்தார். என் நாலு தாளம் முடிந்தது, பேண்ட் சேர்ந்தது. அவர் பாடவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து குழியைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டி பேண்டை நிறுத்தினார்.

"மதராஸ். எழுந்திரு."

நான் எழுந்தேன்.

"எல்லாரும் இவனைப் பாருங்க. பாட்டுல மட்டும் சொல்றான்னு நினைச்சீங்கல்ல? இதோ, என் பேண்ட்லயே ஒருத்தன். நம்ம பசங்க எங்க? கப்பல்ல. கப்பல்ல என்ன பண்றாங்க? வெள்ளைக்காரன் தின்ன தட்டைக் கழுவுறாங்க. இங்க நம்ம குழலை யாரு ஊதுறா? இவன் ஊதுறான்."

சிரிப்பு. மைக்கை வாய்க்கு ஒட்டி வைத்து, மூச்சில்தான் பேசினார். குரலை எடுக்கவே இல்லை. நிமிடத்தை ஓட்டுகிறார், தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிலைமையிலும் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்தேன். தெரிந்துகொண்டே நின்றேன்.

"மதராஸ், உங்க அப்பா என்ன வேலை பார்க்குறாரு?"

நான் குனிந்து டிரம்பெட்டைப் பார்த்தேன்.

"வெக்கப்படாத ரே. சொல்லு. அப்பா இருக்காருல்ல?"

"உப்பளத்துல" என்றேன்.

"என்னது? சத்தமா."

"உப்பளத்துல வேலை சார்."

"உப்பளம்!" என்றார். ஹாலைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். அந்த நிறுத்தம் அவருக்குத்தான் வரும். டிரம்பெட்டை மாற்றிப் பிடித்ததில் நான் தெரியாத்தனமாக டிரம்பெட்டின் தண்ணிக் கட்டையை அழுத்திவிட்டேன். ஊதி ஊதி உள்ளே சேர்ந்த எச்சில் தண்ணி கீழே சொட்டியது. அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"பாருங்க, பாருங்க! அப்பனுக்கு இங்க இருந்தே தண்ணி பாய்ச்சுறான்!"

ஹால் இடிந்துவிடும்போல இருந்தது. முன்வரிசையில் ஒரு சாமியார் கண்ணாடியைக் கழற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரம்ஸ் அடிக்கிறவன் பழக்கதோஷத்தில் ஜோக்குக்கு ஒரு தட்டு தட்டினான். எங்கள் ஆள். தினமும் என்னோடு டீ குடிக்கிறவன்.

செஃபரின் கும்பிட்டு உள்ளே போனார். ஒரு வரிகூடப் பாடாமல் மூன்றாவது ஒன்ஸ்மோரைத் தாண்டிவிட்டார். ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டார். இப்போது கடைசி வரிசை மட்டும் தட்டவில்லை. முழு ஹாலும் தட்டியது. அனக்லெத் ஏற்பாடு செய்யாத ஒன்ஸ்மோர். என் அப்பாவைச் சொல்லிச் சிரித்ததற்கு வந்த ஒன்ஸ்மோர்.

மெஸ்த்ரி கையைத் தூக்கினார். இரண்டு விரல் கீழே.

உதடு மரத்துவிட்டது, விரல் தவறிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. எனக்கு எதுவும் மரக்கவில்லை. இரண்டு விரலையும் நன்றாகப் பார்த்தேன். பழைய சுருதியில், ஆபரேஷனுக்கு முந்தைய சுருதியில், இரண்டு படி மேலே, ஆரம்பித்தேன்.

நாலு தாளம் தனியாக ஊத எவ்வளவு நேரம் ஆகும்? எட்டு செகண்ட் இருக்கும். மெஸ்த்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சாக்ஸஃபோனை வாயிலிருந்து எடுக்கவில்லை. கீபோர்டுக்காரன் விழித்துவிட்டு ஏதோ பித்தானை அழுத்தினான். எல்லாரும் நான் போன இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

செஃபரின் வந்தார். புது அடி இல்லாததால் முதல் அடியையே எடுத்தார். ரயிலேறி வந்தான். சுருதி எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் கண் குழிக்குள் இறங்கியது. பார்த்தது மெஸ்த்ரியை. என்னை இல்லை. பாதியில் விட முடியாது. கேட்டைச் சாத்து என்று மேலே போனார். சேலை கிழிவது மாதிரி ஒரு சத்தம். பிறகு காற்று மட்டும் வந்தது.

ஜனங்கள் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அனக்லெத் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மெதுவாகத் தட்டினார்.

கடைசி அங்கம் பாக்கி இருந்தது.

கதை இது. வீட்டை வெளியூர்க்காரனுக்கு விற்றுவிட்ட அப்பா, சாவியைக் கொடுக்கும் முன் வாசலில் நின்று பேசுகிறார். மனைவி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுகிறாள். மனைவியாக நடித்தவர் பியெதாத். பத்தொன்பது வருடமாக செஃபரினுடைய எல்லா நாடகத்திலும் மனைவி அவர்தான், எல்லாக் கடைசி அங்கத்திலும் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதவரும் அவர்தான்.

செஃபரின் வாசலுக்கு வந்தார். சாவியைத் தூக்கிக் காட்டினார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். பக்கத்து மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் காமில், மறந்துவிட்டார் என்று நினைத்து, முதல் வரியைக் கிசுகிசுத்தான். பிறகு சத்தமாகக் கிசுகிசுத்தான். ஹாலுக்கே கேட்டது. பின்னால் ஒருவன் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

பியெதாத் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"நீ பேசாத" என்றார். "கல்யாணம் ஆனதுல இருந்து நீதான பேசுற. சாவியைக் கொடு."

கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். செஃபரினுடைய வசனத்தை பியெதாத்தே பேசினார், ஒரு வரி விடாமல். செஃபரின் "நான்" என்று எழுதிய இடத்திலெல்லாம் "நீ" என்று சொன்னார். "இந்தச் சுவரை நீ கட்டினே. நீயே வித்தே. கையெழுத்துப் போடும்போது என்னைக் கேட்டியா?" அப்பாவின் துக்கமாக எழுதியது குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது. செஃபரின் தலையைக் குனிந்து நின்றார். அது நடிப்பா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹாலில் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். முடிந்தபோது எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அனக்லெத்தும் தட்டினார், இந்தத் தடவை தலைக்கு மேலே இல்லை.

திரை விழுந்ததும் செஃபரின் தொப்பியைக் கழற்றி பியெதாத்தின் முகத்தை நோக்கி எறிந்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"திட்டணும்னா குரல் வேணும்ல?" என்றார் பியெதாத். தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார். "அது வரட்டும். வந்ததும் திட்டு. நான் எங்கேயும் போகப்போறதில்ல."

ஒப்பனை அறையில் எல்லாரும் நின்றோம். செஃபரின் ஒரு வசனத் தாளை எடுத்து, பின்பக்கம் எழுதினார். அவர் கையெழுத்து காமிலுக்கு மட்டும்தான் புரியும். காமிலிடம் நீட்டினார். காமில் வசனம் எடுத்துக்கொடுக்கிற அதே தட்டைக் குரலில் வாசித்தான்.

"'தாமியாவ். நாயே. எவ்வளவு வாங்கினே.' கேள்விக்குறி. ரெண்டு கேள்விக்குறி போட்டிருக்காரு."

மெஸ்த்ரி சாக்ஸஃபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"'சுருதியை நீ ஏத்தினே. என் தொண்டையை அவன்கிட்ட வித்துட்டே. முப்பத்து மூணு வருஷமா என் சோத்தைத் தின்ன'... மன்னிச்சுக்குங்க மெஸ்த்ரி, அடுத்த வார்த்தை நான் வாசிக்கல."

"வாசி" என்றார் மெஸ்த்ரி. "எழுதினவன் வெக்கப்படல. நீ ஏன் வெக்கப்படுற?"

காமில் வாசித்தான். உனக்கு எழுத முடியாத வார்த்தை.

மெஸ்த்ரி என்னைப் பார்ப்பார், இவன்தான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஊதுவாயில் பொருத்தியிருந்த ரீடைக் கழற்றி டப்பாவில் வைத்தார். மூடியைத் திருகினார். சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன். சொல்லாததால்தான் என்னால் இருக்க முடியவில்லை.

"நான்தான் சார்" என்றேன். "மெஸ்த்ரி கீழதான் காட்டினாரு. நான்தான் மேல ஆரம்பிச்சேன். வேணும்னேதான்."

செஃபரின் என் பக்கம் திரும்பினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்த்தார் என்று நினைத்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடி வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அக்கா, அவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. தாளை இழுத்து எழுதினார்.

காமில் வாசித்தான். "'இவனா? இவன் ஊதுகுழல். விரல் காட்டினா ஊதுவான். வயசானவனைக் காப்பாத்தப் பார்க்கிறான். நல்ல பையன். உட்காரச் சொல்லு.'"

"சார், சத்தியமா நான்தான். எங்க அப்பாவைச் சொன்னீங்க, அதுக்குத்தான்."

செஃபரின் கையை வீசினார், ஈ ஓட்டுவது போல. அவருக்குப் புரியவில்லை. உப்பளம், தண்ணி, எதுவும் அவர் நினைவில் இல்லை. அது அவருக்கு ஒரு நிமிடத்தை ஓட்டிய வேடிக்கை. தன்னை வீழ்த்த ஒருவன் வேண்டுமென்றால் அவன் முப்பது வருடப் பழக்கமாவது உள்ளவனாக இருக்க வேண்டும். மூலையில் உட்கார்ந்திருக்கும் மதராஸுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

மறுபடி எழுதினார். காமில் தயங்கிவிட்டு வாசித்தான்.

"'தாமியாவ் வெளிய போ. ஞாயித்துக்கிழமைல இருந்து பேண்டை மதராஸ் பார்த்துக்குவான். சொன்னதைச் செய்வான்.'"

பியெதாத் முகப்பூச்சைத் துடைத்தபடியே, "உனக்குத் தொண்டை மட்டும்தான் போச்சுன்னு நினைச்சேன் செஃபரின்" என்றார்.

மெஸ்த்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். மழை விட்டிருந்தது. மாதா கோவில் முன்னால் திருநாள் கடைகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் ஸ்கூட்டரின் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெஸ்த்ரி, நான் சொன்னேன். அவர் நம்பலை."

"கேட்டுட்டுதானே இருந்தேன்."

"நீங்க ஏன் சொல்லல?"

"என்ன சொல்றது?" பெட்டியை முன்னால் வைத்தார். "நீ மேல ஆரம்பிச்சப்போ நான் நிறுத்தியிருக்கலாம். கையைக் காட்டினா போதும், நின்னிருப்பீங்க. எட்டு செகண்ட் இருந்துச்சு. நான் கையை எடுக்கல. ஏன் எடுக்கலைன்னு கேட்காத. முப்பத்து மூணு வருஷமா அவன்கூட இருந்து பாரு, தெரியும். அவன் எழுதினதுல பாதி சரி."

"அப்ப நானும் வரலை மெஸ்த்ரி. ஞாயித்துக்கிழமை நான் போகமாட்டேன். உங்ககூடவே வர்றேன்."

பின் சீட்டில் ஏற நான் கையை வைத்தேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"ஏறாத."

"மெஸ்த்ரி..."

"உன்மேல எனக்குப் பாசம்னு நினைச்சுக்காத. உன்மேல எனக்குக் கோவம் இல்லைன்னும் நினைச்சுக்காத. ஒருத்தனுக்கு இருக்கிறது ஒரு குரல். அதை எடுத்தோம், நீயும் நானும். அவன் கெட்டவன்தான். அதுக்காக அது சரியாயிடாது. நாம ரெண்டு பேரும் ஒரே வண்டில போற அளவுக்கு நல்லவங்க கிடையாது."

"எனக்கு வேற வேலை தெரியாது மெஸ்த்ரி."

"தெரியாதுல்ல? அப்ப போ. போய் அவன் பேண்டைப் பாரு." ஸ்கூட்டரை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பியது. "டிரம்ஸ்காரனை நம்பாத. ஜோக்குக்குத் தட்டுறவன் எல்லா ஜோக்குக்கும் தட்டுவான்."

போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுவரை டிரம்பெட் பெட்டியோடு நடந்தேன்.

அன்று நான் வீட்டுக்குப் போனில், "நான் மெஸ்த்ரி ஆயிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அப்பா பங்குச் சாமியாரிடம் சொல்லி, பூசையில் நன்றியும் சொல்லவைத்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உனக்கு மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு நான் போனேன். வாடகை கொடுக்க வேண்டும், வேறு காரணமில்லை. போஸ்டரில் எழுத்து, இயக்கம் செஃபரின் என்று பெரிதாகவே இருந்தது. பியெதாத் பெயரை ஓரத்தில் சின்னதாகச் சேர்த்திருந்தார்கள். கடைசி அங்கத்தை அவரே பேசினார். செஃபரின் மறைவில் கழுத்துத் துண்டோடு உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த நாடகம். அதில் அவருக்கு வசனமே இல்லாத வேடம் என்று காமில் சொன்னான். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். காமில் பக்கத்தில் இல்லை. அவர் கையெழுத்து எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குழியில் மெஸ்த்ரியின் நாற்காலிமேல் டிரம்ஸ்காரன் தன் பையை வைத்திருந்தான். எடு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நின்றுகொண்டே கையைத் தூக்கினேன்.